பட்டை இறால் கழற்றிப் போட்ட ஓடுகள்: வரைந்து பார்த்த அனுபவம்

உயிரோடு இருக்கும் இறாலைப் பார்த்து வரைவது நடக்காத காரியம். அதுவும் ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ் என்றால் கேட்கவே வேண்டாம். கடைகளில் கோரல் பேண்டட், பாக்ஸர் என்றெல்லாம் விற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை இறால்தான் இது. பகலெல்லாம் பாறை இடுக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது மீசை மட்டும். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை போல மொத்த ஓட்டையும் கழற்றித் தொட்டிக்குள் போட்டுவிடுகிறது. அந்த ஓடுகளைச் சேர்த்து, பிரித்து, வரைந்து வருகிறேன்.

என்னிடம் இருப்பது சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கியது. வாங்கும்போதே இடது பெரிய கொடுக்கு இல்லை, அதனால் விலையும் குறைவு. கொடுக்கு இல்லாததே பின்னால் உதவியாக இருந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஓடு பெரும்பாலும் காலையில்தான் கண்ணில் படும். விட்டுவைத்தால் இறாலோ தொட்டியில் இருக்கும் மற்றவையோ கடித்துத் தின்றுவிடும், ஆகவே உடனே எடுத்துவிட வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் அலசுவது அவசியம். இல்லாவிட்டால் காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும். பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, இரண்டு தையல் ஊசிகளால் பிரித்தேன். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே போதுமானதாக இருக்கிறது. ஓடு நன்றாகக் கழலுவதற்குத் தொட்டியில் அயோடின் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. நான் ஊற்றுவதில்லை. ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினால் போதும் என்பது என் கட்சி.

தலைமார்பு ஓட்டுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் நடுவே முதுகுப் பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து, அந்த வழியாகத்தான் இறால் மொத்தமும் வெளியே வருகிறது. கண்ணின் மேல்தோல், செவுள்களின் உறை, இரைப்பையின் உள்பக்கத் தோல்கூட ஓட்டோடு வந்துவிடும். இறால்களுக்குச் சின்ன உணர்கொம்பின் அடியில் ஒரு சமநிலைப் பை உண்டு; உள்ளே கிடக்கும் மணல் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அதை வைத்துத்தான் இறாலுக்கு மேல் கீழ் தெரியும். அதில் கிடக்கும் மணல் துகள்களும் ஓட்டோடு போய்விடுவதால், உரித்த பிறகு புது மணல் உள்ளே போயாக வேண்டும். 1893-இல் வியன்னாவைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர் அலோய்ஸ் கிரைடல், ஓடு உரித்த இறால்களுக்கு மணலுக்குப் பதில் இரும்புத் தூளைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனார். இறால்கள் அதற்கு ஏற்ப உடம்பைச் சாய்த்துக்கொண்டன. எனக்கும் ஆசைதான், ஆனால் பவளம் இருக்கும் தொட்டியில் இரும்புத் தூளைப் போட மனசு வரவில்லை.

சரி, உறுப்புகளுக்கு வருவோம். இறாலுக்கு மொத்தம் 19 ஜோடி. தலையில் ஐந்து, மார்பில் எட்டு, வயிற்றில் ஆறு. மீசை என்று நாம் பார்க்கும் ஆறு வெள்ளை இழைகள் உண்மையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள்தான். சின்ன ஜோடி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஆறாகத் தெரிகிறது. முதல் மூன்று ஜோடி நடைகால்களில் கொடுக்கு உண்டு. குழம்புக்கு வாங்கும் டைகர் இறாலிலும் அப்படித்தான், ஆனால் அதில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. இங்கே மூன்றாவது ஜோடி மட்டும் பெருத்து, பட்டை போட்டு, முள் முளைத்து நிற்கிறது. நான்காவது, ஐந்தாவது கால்களை லென்ஸில் பார்த்தபோதுதான் அசந்துபோனேன்: நுனியை ஒட்டிய பகுதி முழுக்கக் குட்டிக் குட்டித் துண்டுகளாக, மணி கோத்த மாதிரி இருக்கிறது. நீச்சல் கால்களில் முதல் ஜோடிக்கு மட்டும் ஒரே கிளை, மற்றவற்றுக்கு இரண்டு. இது ஸ்டெனோபஸ் கூட்டத்துக்கே உள்ள அடையாளம்.

வரைவதில் அதிக நேரத்தைத் தின்றது முட்கள். தலைமார்பு ஓடு, வயிற்று வளையங்கள், பெரிய கொடுக்கு, வாலின் நடுத்தகட்டில் ஓடும் இரண்டு வரப்புகள் என்று எங்கு பார்த்தாலும் முள். 1811-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஒலிவியே இதற்குப் பெயர் வைத்தபோது பலேமோன் என்ற இறால் பேரினத்தில்தான் சேர்த்தார். ஸ்டெனோபஸ் என்ற தனிப் பேரினத்தை லாட்ரே 1819-இல் ஏற்படுத்தினார்.

நிறத்துக்காக ஒரு சின்னச் சோதனை செய்தேன். கழன்ற ஓட்டிலும் சிவப்புப் பட்டைகள் தெரியும், கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். ஒரு துண்டை நிழலில் உலர்த்தினேன், இன்னொன்றை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டேன். உலர்ந்தது நொறுங்கும் பதத்துக்கு வந்தாலும் சிவப்பு தங்கியது. ஸ்பிரிட்டில் போட்டது நாளாக நாளாக வெளுத்துவிட்டது. காரணம், இறால்களின் சிவப்பு அஸ்டாக்சாந்தின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. அவை ஆல்கஹாலில் கரையும். இறாலால் அவற்றைத் தானாக உண்டாக்கவும் முடியாது, தீனியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அருங்காட்சியகச் சீசாக்களில் இறால்கள் வெளிறிக் கிடப்பதற்கும், இன விவரணைகள் முள்ளையே பிடித்துக்கொண்டு தொங்குவதற்கும் காரணம் இதுதான். தொட்டியில் நீல விளக்கு மட்டும் எரியும்போது இந்தச் சிவப்பு கறுப்பாகத் தெரியும்; வெள்ளைப் பட்டையும் மீசையும் மட்டும் எடுப்பாக நிற்கும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு ஒளி மங்கிவிடுவதால் கடலிலும் ஏறக்குறைய இந்தக் காட்சிதான். மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று, அவற்றைச் சுத்தம் செய்து பிழைக்கும் இறாலுக்கு அந்த வெள்ளை மீசைதான் பெயர்ப்பலகை.

பட்டையை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிவிடவும் கூடாது. மேற்கு அட்லாண்டிக்கில் வாழும் ஸ்டெனோபஸ் ஸ்குடெல்லாடஸுக்கும் கொடுக்குகளில் சிவப்பு வெள்ளைப் பட்டை உண்டு, உடம்பில் மஞ்சள் சேர்ந்திருக்கும். இந்தோ-பசிபிக்கின் டெனுயிரோஸ்ட்ரிஸ் பக்கவாட்டில் நீலம் பூசியிருக்கும். மத்தியதரைக் கடலின் ஸ்பைனோசஸுக்கு இந்தப் பட்டையே கிடையாது.

என் இறால் எந்தக் கடலில் பிறந்தது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஓட்டைப் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. செங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாக ஹவாய் வரைக்கும், அந்தப் பக்கம் பெர்முடா, கரீபியன், பிரேசில் வரைக்கும் இதே இனம் இருக்கிறது. மன்னார் வளைகுடா, இலங்கை, லட்சத்தீவுப் பவளத்திட்டுகளிலும் உண்டு. இதன் இளவுயிரிகள் நான்கு மாதத்துக்கு மேலும் மிதவையாக அலைவதால் நீரோட்டம் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்விடும். தொட்டியில் குஞ்சு வளர்த்தெடுப்பது கடினமாக இருப்பதற்கும் இந்த நீண்ட மிதவைக் காலம்தான் காரணம்.

அந்த இல்லாத கொடுக்கு விஷயம். முதல் ஓட்டில் அந்த இடத்தில் மொட்டு மாதிரி ஒரு காலி உறை மட்டும் இருந்தது. அடுத்த ஓட்டில் முழு வடிவமும் பட்டைகளும் உள்ள கொடுக்கே வந்துவிட்டது, வலதோடு ஒப்பிட்டால் குட்டி. அதற்கடுத்ததில் இன்னும் நீண்டிருந்தது. மூன்றையும் கிராஃப் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்திருக்கிறேன். இதுவரை வரைந்ததில் எனக்கே திருப்தியான பக்கம் அது ஒன்றுதான்.

பாக்கி இருப்பது வாயுறுப்புகள். தாடைக்குப் பின்னால் வரும் இரண்டு ஜோடியும் மிக மெல்லியவை, ஊசி பட்டதும் சுருண்டு ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த ஓடு கிடைத்ததும் அந்தப் பகுதியை மட்டும் கிளிசரினில் போட்டுப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.