பூட்டிய கடிதம்

'1587 பிப்ரவரி 8 அன்று ஸ்காட்லாந்தின் மேரி ராணியின் தலை வெட்டப்பட்டது' என்று ஒரு வரியில் பாடத்தை முடித்திருக்கலாம். என் வாய் சும்மா இராது. அன்று விடிவதற்கு முன் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவைத்தேன்.

விடிந்தால் மரணம். இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து, மறைந்த கணவரின் தம்பியான பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு எழுதுகிறார். தம் வேலையாட்களின் சம்பள பாக்கியைக் கொடுத்துவிடும்படி அதில் கேட்டிருக்கிறார். எப்போதும் சலசலக்கும் வகுப்பு அந்த இடத்தில் கப்சிப்.

உறையில் போட்டு ஒட்டும் வழக்கம் பரவாத காலம் அது. தாளின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்றை முழுதாக அறுத்துவிடாமல் வெட்டிக்கொள்வார்கள். மடித்த கடிதத்தில் கீறல் போட்டு, அதன் வழியே பட்டையைத் திரும்பத் திரும்ப நுழைத்துத் தையல் போல இழுத்துவிட்டால் பூட்டு தயார். பட்டையைக் கிழிக்காமல் திறக்க முடியாது. வழியில் எவராவது பிரித்தால் காட்டிக்கொடுத்துவிடும். மேரியின் கடிதமும் இப்படிப் பூட்டியதுதான்.

"நாமும் செய்து பார்க்கலாமா டீச்சர்?"

கேட்டது பதினோராம் வகுப்பு. விடுப்புக் கடிதம் தவிர வேறு எதையும் எழுதியறியாத கூட்டம். பத்தே வரியில் பாதிப் பேர் விரலை உதறினார்கள். ஒருத்தி ஓரமே விடாமல் தாளை நிரப்பிவிட்டு, பிறகு பட்டை வெட்டினாள். ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் பட்டையோடு போய்விட்டது. 'ன்புள்ள தோழிக்கு, லமா?' என்று மிஞ்சியதைப் படித்துவிட்டு அவளே சிரித்தாள். இன்னொருவன் அரைமணி நேரம் பூட்டிவிட்டு, கையெழுத்துப் போடவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் செய்த மாதிரிக் கடிதத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் மட்டும் அச்சு அசலாகப் பூட்டி, என் பெயரெழுதிக் கொடுத்தான். பிரிக்க மனம் வரவில்லை. மேசைமேல் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அடுத்த இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனாய்?"

"அக்கா கல்யாணம் டீச்சர். எழுதிக் கொடுத்தேனே?"

மேசையைப் பார்த்தேன். பட்டை கிழியாமல் அப்படியே இருந்தது.