‘ஏசிதானே சார் காரணம்?’

“ஏசிதானே சார் காரணம்?” என்று அந்தப் பெண் கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். பொய் இல்லை. ஆனாலும் அந்த “ஆமாம்மா”வை இன்னும் மனசுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அவள் வளர்க்கும் இகுவானாவுக்கு (இலை தின்னும் பெரிய பல்லியினம்) வயிறு உப்பியிருந்தது. தீனி எடுக்கவில்லை, வெளிக்கும் போகவில்லை. அது பெண் என்பதால் முட்டையாக இருக்குமோ என்பதுதான் என் முதல் சந்தேகம். ஆண் வாடையே படாமல்கூட இவை முட்டை கட்டும். அப்போதும் வயிறு பெருக்கும், சாப்பாடு குறையும். எக்ஸ்ரேயில் முட்டை இல்லை, மணல், கல் எதுவும் இல்லை. குடல் முழுக்கக் காற்று. கடைசியாகப் போட்ட எச்சத்தை அவள் ஒரு டப்பாவில் எடுத்து வந்திருந்தாள். (எல்லோரும் இதைச் செய்தால் எங்கள் பாடு பாதியாகக் குறையும்.) நல்ல எச்சத்தில் கருத்த மலம், வெள்ளையாக யூரேட் (சிறுநீரின் கெட்டி உப்பு), கொஞ்சம் தெளிந்த நீர் மூன்றும் இருக்கும். இதில் நீரே இல்லை, வெள்ளை சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. மலத்தில் புளித்த வாடை. இலையும் பூவும் மட்டுமே தின்கிறது என்று அவள் சொன்ன பிராணியிடம் அந்த வாடை எனக்கு ஒட்டவில்லை.

ஊர்வனவற்றை அவை இருக்கும் இடத்தைப் பார்க்காமல் வைத்தியம் பண்ணக்கூடாது என்பது என் கொள்கை. மதுரை நரிமேட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். நல்ல சித்திரை வெயில். வெளியே 40 டிகிரி கொதிக்கிற ஊரில் ஒரு பல்லியினம் குளிரால் செரிக்காமல் கிடக்கிறது என்றால் யாரும் சிரிப்பார்கள். அந்த அறையில் தெர்மாமீட்டர் 24 காட்டியது. இரவும் பகலும் அதே 24. கட்டிலில் அவளுடைய அப்பத்தா. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. ஏசி அவருக்காக. ஜன்னலோரம் இகுவானாவின் கூண்டு. வெயில் படட்டும் என்று அங்கே வைத்திருந்தாள், கண்ணாடி ஜன்னல். எலும்புக்கு வேண்டிய புறஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது.

மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கிற நொதித்தல் இதற்குப் பெருங்குடலில் நடக்கிறது. நார்ச்சத்தை உடைப்பவை நுண்ணுயிர்கள்தான். அவை வேலை செய்யச் சூடு வேண்டும், இந்தப் பிராணிக்கோ சொந்தச் சூடு கிடையாது. காய்வதற்கு 35 டிகிரிக்குக் குறையாமல் ஓர் இடம் இல்லையென்றால் தின்றது உள்ளேயே தேங்கிப் புளிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மாடும் கோழியும்தான் பாடம்; தை பிறந்தால் இன்றும் எனக்கு வேலை ஜல்லிக்கட்டுக் காளைகளோடுதான். இகுவானாவைப் பிற்பாடு நானாகப் படித்துக்கொண்டேன்.

அவள் காபி போட உள்ளே போனாள். அப்போதுதான் அப்பத்தா கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஏய்யா, இந்த உடும்புக்கு ஒரு வாய் தயிர்ச்சோறு குடுத்தா ஆகாதா?”

“குடுத்தீங்களாம்மா?”

“நான் திங்கிறப்ப என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு. எப்பிடிய்யா நான் மட்டும் திங்கிறது? என் தட்டுலயே ஒரு ஓரமா வெப்பேன். அவகிட்ட சொல்லிப்புடாதய்யா. தெரிஞ்சா வைவா.”

அது உடும்பு இல்லை. உடும்பாக இருந்தால் வனத்துறைக்குத்தான் போன் போட்டிருப்பேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. இந்த இகுவானாவைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிந்த சீட்டு அவளிடம் இருந்தது. எல்லாவற்றிலும் அவ்வளவு கவனமான பெண். அதனால்தான் அப்பத்தா பயந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான நோய் வரலாறு அந்தக் கிசுகிசுப்புதான். புளித்த வாடைக்கு விடை கிடைத்துவிட்டது. அவரிடம், “இனிமே வேண்டாம்மா, அதுக்கு ஒத்துக்காது. முக்கியமா ஒரே தட்டுல கூடவே கூடாது” என்றேன். காரணத்தையும் சொன்னேன். இந்தப் பிராணிகளின் குடலில் சால்மோனெல்லா கிருமி சும்மாவே குடியிருக்கும், அவற்றை ஒன்றும் செய்யாது. வயசானவர்களுக்கு வந்தால் வயிற்றோட்டத்தில் படுக்கவைத்துவிடும். அவர் சிரித்தார். “படுத்துத்தான கெடக்கேன்” என்றார்.

காபி வந்தது. அந்தக் கேள்வியும் வந்தது. “ஏசிதானே சார் காரணம்?”

ஏசிதான் பெரிய காரணம். சூடு சரியாக இருந்திருந்தால் ஒரு வாய் சோற்றை அந்தக் குடல் எப்படியோ சமாளித்திருக்கும். சோறு மட்டும் நின்று ஏசி ஓடிக்கொண்டே இருந்தால் முருங்கைக்கீரைகூடச் செரித்திருக்காது. ஆகவே மருத்துவப்படி “ஆமாம்மா” சரி. சமைத்தது எதுவும் கூடாது, பாலக்கீரை வேண்டாம், முருங்கையும் செம்பருத்தி இலையும் நீர் தெளித்துக் கொடுக்கலாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று சீட்டிலும் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. யார் கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை.

இப்படிச் சொல்லிச் சமாதானமாகிக்கொள்ளும் அன்று இரவே வேறு மாதிரித் தோன்றும். ஒரு தட்டில் ஒரு கிழவியும் ஓர் ஊர்வனவும் சாப்பிடுகிறார்கள் என்பது அந்த வீட்டில் பொறுப்பான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பொதுவாக “கை கழுவுங்க” என்று எழுதுவதும் “உங்க அப்பத்தா தட்டைப் பாருங்க” என்று சொல்வதும் ஒன்றா? மனுஷ டாக்டராக இருந்தால் நோயாளி சொன்னதை வெளியே விடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. என் நோயாளி பேசாது. அப்பத்தா என் நோயாளியும் இல்லை, காசு கொடுப்பவரும் இல்லை. அவருடைய ரகசியத்தைக் காக்க எந்த விதி என்னைக் கட்டாயப்படுத்தியது? எதுவும் இல்லை. படுக்கையில் இருப்பவரிடம் மிச்சமிருக்கும் ஒரு காரியம் இன்னொரு உயிருக்கு ஊட்டுவது. அதைப் பேத்தி முன்னால் குற்றமாக்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கெண்ணெய் ஊற்றலாமா என்று அவள் கேட்டாள், கூடவே கூடாது என்றேன். இவற்றுக்கு மூச்சுத்துளை நாக்கின் அடியிலேயே இருக்கிறது, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். 30 டிகிரி இளஞ்சூட்டு நீரில் தோள்வரை நிற்கவைத்து தினமும் இருபது நிமிடம், வெதுவெதுப்பான சலைன், மாடி அறையில் கம்பி வலைக் கூண்டு, காய்வதற்கு பல்பு, புறஊதா டியூப். வயிறு இறங்கி, எச்சம் பழையபடி ஆனது.

மறுபரிசோதனைக்கு வந்தபோது அவள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்து நடுவில் சொன்னாள்: “அப்பத்தாதான் சார் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறாங்க. தட்டுல பாதி அப்படியே கெடக்கு.”

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அந்தப் பாதி யாருக்கு என்று எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது. அதற்குப் பதில் நான் சொன்னது: “பகல்ல நல்லா காஞ்ச பிறகு, ஒரு அரைமணி நேரம் ஏசியை நிறுத்திட்டு, இகுவானாவை அவங்க பார்க்கிற மாதிரி தரையில விடுங்க. கட்டில்ல வேண்டாம். சாப்பாட்டு நேரத்துல வேண்டாம்.” ஏன் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒருவேளை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். எச்சத்தை டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறவள் அதில் கிடந்ததைப் பார்க்காமலா இருந்திருப்பாள்?

அதற்குப் பிறகு ஊர்வன எது வந்தாலும், வீட்டில் வேறு யார் தீனி வைக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். “நான் மட்டுந்தான் சார்” என்கிறார்கள். அப்படியே எழுதிக்கொள்கிறேன்.