சமரசப் பேச்சுக்கு உட்காரும் முன்

குடும்பத் தகராறில் சமரசப் பேச்சு கோபத்தால் மட்டும் முறிவதில்லை. கையில் கணக்கு இல்லாததாலும் முறிகிறது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன் பாக்கி, சொத்துப் பத்திரம், மாதச் செலவு எல்லாவற்றையும் இரு தரப்பும் முதலிலேயே மேசையில் வைத்துவிட வேண்டும். மறைத்த கடன் ஒன்று பிற்பாடு தலைகாட்டினால் அதுவரை பேசியதெல்லாம் வீண்.

சமரசர், அதாவது இரு தரப்பையும் பேசவைக்கும் நடுநிலையாளர், தீர்ப்புச் சொல்ல மாட்டார். தனித்தனியாகவும் பேசுவார், அங்கே சொல்வது அடுத்தவர் காதுக்குப் போகுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். துணைக்குச் சொந்தக்காரர்களைக் கூட்டிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை, பழைய கதைதான் கிளம்பும். அடி, மிரட்டல் நடந்த வீட்டுக்கு இந்த வழி பொதுவாக ஒத்துவராது. பயந்தவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது.

அதிகம் சொதப்புவது ஒப்பந்தம் எழுதும்போது. ‘விடுமுறையில் அப்பா குழந்தையைப் பார்க்கலாம்’ என்று மொட்டையாக எழுதினால் அடுத்த சண்டை நிச்சயம். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் கூட்டிவந்து விடுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது, பள்ளிக்கூட விழாவுக்கு யார் போவது, எல்லாம் வேண்டும். பணத்துக்கும் அப்படியே: தொகை, தேதி, எந்தக் கணக்கு, தவணை தவறினால் என்ன.

கையெழுத்துக்கு முன் அவரவர் வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள். பல இடங்களில் நீதிமன்றம் அதை உத்தரவாக்கினால்தான் மீறியவர்மீது நடவடிக்கை எடுப்பது சுலபம்.