சிஸ்ட் என்று கீறும் முன் ஒரு எம்ஆர்ஐ

எங்களுக்கு நடந்தது இது: பெண் பிறப்புறுப்பின் உதட்டோரம் வலியே இல்லாத, மெத்தென்ற வீக்கம். தொட்டுப் பார்த்ததும் பார்த்தோலின் சிஸ்ட் (யோனி வாயோரச் சுரப்பி அடைத்து வரும் நீர்க்கட்டி) என்று எழுதிவிட்டார்கள். கீறியபோது நீர் வரவில்லை, ஜெல்லி போன்ற சதை வந்தது. அங்கேயே கையை நிறுத்தியிருக்க வேண்டும். எட்டியவரை துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட்டுவிட்டார்கள். ஓரம் சுத்தமாக, அதாவது விளிம்பில் கட்டி மிச்சமில்லாமல், இருக்கிறதா என்று துண்டுகளை வைத்து எந்த நோய்க்குறியியல் மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

'மிக்சாய்டு கட்டி (ஜெல்லி போன்ற திசுக் கட்டி), புற்றுநோய் அல்ல' என்று ரிப்போர்ட் வந்தது. இப்படி ஒரு வரியோடு முடிகிற ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். இந்த இடத்தில் ஒரே மாதிரி தெரியும் கட்டிகள் பல உண்டு. ஆஞ்சியோமயோஃபைப்ரோபிளாஸ்டோமா விளிம்பு கட்டி நிற்கும், எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. அக்ரெசிவ் ஆஞ்சியோமிக்சோமா விளிம்பே இல்லாமல் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவும். எடுத்த இடத்திலேயே திரும்ப வளரக்கூடியது. எங்களுக்கு வந்தது இரண்டாவது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பயணம் வீணானது. செகண்ட் ஒப்பீனியன் வேண்டும் என்று லேபில் கேட்டோம். 'இதுவே போதும்' என்று கவுன்டரில் இரண்டு ஸ்லைடு கொடுத்து அனுப்பினார்கள். போதாது. டெஸ்மின் என்ற தசைப் புரதம், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ரிசெப்டர் ஆகியவற்றைக் காட்டும் சாயங்களை (ஸ்டெயின்) புதிதாகப் போட, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கே வேண்டும். டாக்டர் கடிதம், பயாப்சி நம்பர், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு 'பிளாக்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் அதை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். இந்த ஸ்டெயின்கள் இரண்டு கட்டிகளிலுமே பாசிட்டிவாக வரலாம். அதனால் எச்எம்ஜிஏ2 என்ற புரதத்துக்கான பரிசோதனையும் செய்ய முடியுமா என்று கேட்டுவிடுங்கள். அக்ரெசிவ் ஆஞ்சியோமிக்சோமா பலவற்றில் அது பாசிட்டிவாக இருக்கும்.

எம்ஆர்ஐ சீட்டில் 'இடுப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் படம் கீழே பாதியில் நின்றுவிடலாம். 'பெரினியம் முழுவதும்' (பிறப்புறுப்பு முதல் ஆசனவாய் வரையுள்ள அடிப்பகுதி) என்று சேர்த்து எழுதி வாங்குங்கள். எம்ஆர்ஐயின் டி2 என்ற வகைப் படத்தில் கட்டி பளிச்சென்று, உள்ளே சுழல் சுழலாக அடுக்குகளோடு தெரியும். வெளியே தெரிந்தது நுனி மட்டும்தான். மீதி இடுப்புத் தளத் தசையைத் தாண்டி மலக்குடல் ஓரமாக மேலே ஏறியிருந்தது. அதனால்தான் மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது. மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணரும் குடல் அறுவை நிபுணரும் சேர்ந்து திட்டமிட வேண்டும்.

இரண்டாவது அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இந்த முறை கட்டி முழுசாக, திசை காட்டும் தையலோடு, அதன் அளவைப்போல் 10 மடங்கு 10% ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) லேபுக்குப் போனது. சலைனில் போட விடாதீர்கள்.

'அக்ரெசிவ்' என்ற சொல்லைக் கேட்டு நடுங்க வேண்டாம். வேறு உறுப்புக்குப் பரவியது உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். சுத்தமான ஓரம் வேண்டும் என்று மலக்குடலையோ சிறுநீர்ப்பாதையையோ இழக்கத் தேவையில்லை என்பதுதான் இப்போதைய போக்கு. மிச்சம் இருந்தால், ஹார்மோன் ரிசெப்டர் பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு 3.75 மில்லிகிராம் ஊசி மாதம் ஒருமுறை போடுவார்கள். கட்டி சுருங்கலாம், ஆனால் ஊசியை நிறுத்தினால் மறுபடி வளரலாம். உடல் சூடேறும், மாதவிலக்கு நிற்கும், எலும்பு தேயும். ஊசியைத் தொடங்கும் முன்பே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி வேகமாக வளர்ந்ததாகப் பதிவுகள் உண்டு.

10 வருடம் கழித்தும் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். எம்ஆர்ஐ சிடிகளைத் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படத்தைப் பார்ப்பவர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.