ஜிஆர்இ சொற்கள்: வசையையும் வாய்ச்சவடாலையும் பிரித்துப் படித்த விதம்

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது, ஏளனத்தையும் வசையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணி, ஜைப், டான்ட், ஸ்னியர், டிரைட் என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் நேராக ‘ஏளனம் செய்தல்’ என்றே குறித்து வைத்தேன். முதல் மாதிரித் தேர்விலேயே அதன் விளைவு தெரிந்துவிட்டது. வாக்கியத்தின் வெற்றிடத்துக்கு ஆறு சொற்களைக் கொடுத்து, ஒத்த பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவில், இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் உண்டு. ஒன்று மட்டும் சரியென்றால் எதுவும் கிடைக்காது. ஆறு சொற்களுக்கும் பொருள் தெரிந்திருந்தும் எவை இரண்டும் இணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிழை என் குறிப்பேட்டில்தான் இருந்தது. தமிழில் கேலி, எள்ளல், ஏச்சு, அவதூறு ஆகியவற்றை நாம் ஒன்றாகக் கருதுவதில்லை. நண்பனைக் கேலி செய்வோம், அவன் மீது அவதூறு பேச மாட்டோம். இந்த நுட்பம் தாய்மொழியிலேயே நம் கைவசம் இருப்பதால், பேசுபவர் யாரை நோக்கிப் பேசுகிறார், பேச்சால் என்ன செய்ய நினைக்கிறார் என்று ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லிடமும் கேட்டுப் பார்த்தேன். டான்ட் என்பது எதிராளியைச் சீண்டும் குத்தல் பேச்சு. ஸ்னியர் செய்ய வாய் திறக்கவே வேண்டாம், உதட்டுச் சுழிப்பே போதும். இன்வெக்டிவ் கடுமையான வசைமொழி. அது உண்மையாகவும் இருக்கலாம். கேலம்னியில் பொய் கலந்திருந்தே ஆகவேண்டும், ஏனெனில் அது வீண்பழி.

வீராப்புச் சொற்களில்தான் நான் அதிகம் தடுமாறினேன். புயற்காற்றின் சீற்றத்துக்கும் வழங்கும் பிளஸ்டர், மனிதரிடம் வரும்போது உரத்த வெற்று மிரட்டலாகிறது. பிரவாடோ, அச்சத்தை மறைக்கக் காட்டும் போலித் துணிச்சல். ‘உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாலும்’ என்ற குறிப்பு வாக்கியத்தில் இருந்தால் பிரவாடோவின் பக்கமே என் கை போகும்.

சொற்பிறப்பை அறிந்தது எனக்குப் பேருதவியாக இருந்தது. பாம்பாஸ்ட் என்பது முதலில் ஆடைக்குள் திணிக்கும் பஞ்சைக் குறித்தது. பஞ்சடைத்துப் பருத்த சட்டையைப் போல உள்ளீடு இன்றி ஊதிப் பெருத்த பேச்சுக்குப் பின்னர் அதுவே பெயரானது. 1820-இல் அமெரிக்கக் காங்கிரசில் மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பது பற்றிய விவாதத்தின்போது, வட கரோலினாவின் பங்கம் மாவட்டத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாக்கர், சபை பொறுமையிழந்த நிலையிலும் தம் தொகுதிக்காகப் பேசியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த மாவட்டத்தின் பெயரே வெற்றுப் பேச்சைக் குறிக்கும் பங்கம் என்ற சொல்லாயிற்று. மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்புக்கு எதிராக ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் ஆற்றிய கண்டன உரைகளிலிருந்து, கடுமையான கண்டன உரையைக் குறிக்கும் பிலிப்பிக் வந்தது. இலண்டன் மீன்சந்தையின் பெயரான பில்லிங்ஸ்கேட், அங்கு ஒலித்த கொச்சை வசவுக்கே பெயராகிவிட்டது. சர்காஸம் என்ற சொல்லின் கிரேக்க வேருக்குச் சதையைக் கிழித்தல் என்று பொருள் என்பதை அறிந்த பிறகு, அதை வெறும் நகைச்சுவை என்று நான் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை.

வெட்டிப்பேச்சுக்கான சொற்கள் அவ்வளவு கடினமல்ல. கேரலஸ் என்றால் வேண்டாத செய்திகளைச் சளசளவென்று பேசுபவர். வெர்போஸ் என்பது சொற்கள் மிகுந்த எழுத்துக்கும் பொருந்தும். பிராட்டில் குழந்தைத்தனமான பிதற்றல்.

2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்ட பின், மொழித்திறன் பகுதியில் 41 நிமிடங்களில் 27 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும்; அவற்றிலும் கணிசமானவை பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் வினாக்கள். ஆகவே வீண் தற்பெருமையைக் குறிக்கும் ரோடமான்டேட், கேஸ்கனேட் போன்ற அரிய சொற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், தலையங்கங்களிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் சொற்களை உறுதிப்படுத்திய பிறகே அவற்றைத் தொடுங்கள். நான் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, அதன் கீழேயே, அந்த இடத்தில் பக்கத்துச் சொல் ஏன் பொருந்தாது என்பதையும் ஒரு வரியில் எழுதி வந்தேன்.