கணக்குக் கேட்கப்படாத காசு

மாதம் பிறந்தால் இவ்வளவு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் 1990-களில் எங்கள் ஊர்ப் பக்கம் இருந்ததில்லை. மாதச் சம்பளக்காரர் வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்த போச்சம்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில், பெரியவர்கள் கைக்கே காசு மாசியில் புளியோடும் வைகாசியில் மாங்காயோடும்தான் வந்தது. பிள்ளைகள் கைக்கும் அதே பருவத்தில்தான் வந்தது. (அப்போது நாங்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்.) இடைப்பட்ட மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் துணை. கொண்டுபோன ஆடோ தேங்காயோ விற்றுவிட்டால், அப்பாவின் சட்டைப்பையில் மிஞ்சிய சில்லறையிலிருந்து ஒரு நாலணாவோ எட்டணாவோ எங்கள் பங்குக்கு விழும். விற்காமல் திரும்பிய வாரத்தில் பொரிப் பொட்டலத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவசியச் செலவென்று எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தால் மதியச் சோறு பள்ளியிலேயே கிடைத்தது. புத்தகமும் சீருடையும் அரசு கொடுத்தவை. பள்ளியோ நடந்து போகும் தூரம். ஆகவே கையில் காசு வேண்டுமென்றால் அது முழுக்க முழுக்க ஆசைக்கான காசுதான். வீட்டில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டதற்கு வறுமை பாதிக் காரணம்; “எதுக்குடா?” என்ற கேள்விக்குக் கல்கோனாவுக்கு என்றும் சேமியா ஐஸுக்கு என்றும் பதில் சொல்ல வேண்டியிருந்ததே மீதிக் காரணம்.

தையில் தொடங்கிப் பங்குனி வரை எங்கள் பகுதி வீடுகளில் திண்ணை, வாசல், நடை எல்லாம் புளியாகத்தான் கிடக்கும். வியாபாரிகள் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவார்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்ததும் நாங்களும் அம்மாவோடு உட்காருவோம். கல்லின்மேல் பழத்தை வைத்து, சிறிய இரும்புக் கம்பியால் ஓங்காமல் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் கொட்டை தெறித்துப் பக்கத்திலிருப்பவர் முகத்தில் படும், அதற்கு ஒரு திட்டும் விழும். பிசுபிசுத்த சதையை விரலால் கீறிக் கொட்டையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டே போனால், சற்று நேரத்தில் நகக்கண்கள் கறுத்து எரியத் தொடங்கும். மறுநாள் பள்ளியில் நோட்டின் ஓரமெல்லாம் பழுப்புக் கறை படிந்திருக்கும்.

அந்தக் கூலி அம்மாவுடையது. நாங்கள் தட்டிய பங்கும் அதில் சேர்த்தி. அது மளிகைக் கடைப் பாக்கிக்கும் தங்கையின் வைத்தியத்துக்கும் போனதில் எங்களுக்கு மனக்குறை இருந்ததில்லை. ஆனால் எங்கள் சொந்த மரத்துப் புளியை உடைக்கும்போது விழும் கொட்டை மட்டும் பிள்ளைகளுக்கு என்று விடப்பட்டிருந்தது. யார் எப்போது செய்த ஏற்பாடோ, வீட்டில் அதை ஒருவரும் மீறியதில்லை. கொட்டை வாங்குபவர் சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு வருவார். நூலுக்குக் கஞ்சி போடும் மாவு தயாரிக்க அது ஆலைக்குப் போகிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் போக மிஞ்சிய கொட்டைக்கு ஒரு மனிதர் காசு தருகிறார் என்பதே அன்றைக்கு எங்களுக்குப் பெரிய அதிசயம்.

அந்தக் காசை என்ன செய்தாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. தொகை மிகச் சிறியதுதான். இருந்தும் பணத்தைப் பற்றி அந்த வயதில் நான் கற்றதில் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது. ஆயா கடையின் கண்ணாடி ஜாடிகளுக்கு முன்னால், எட்டணாவைத் தேன்மிட்டாய்க்குக் கொடுப்பதா, தெருப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கப்போகும் ரப்பர் பந்துக்குப் பங்காகக் கொடுப்பதா என்று நின்று யோசித்திருக்கிறேன். பங்கு என்று வந்துவிட்டால் அதற்கும் சட்டதிட்டங்கள் இருந்தன: அதிகம் கொடுத்தவன் வீட்டில் பந்து தங்கும், அவன் முதலில் மட்டை பிடிப்பான், காசே கொடுக்காதவன் முள்வேலிப் பக்கம் நின்று பந்து பொறுக்குவான், பந்து கிணற்றில் விழுந்தால் நட்டம் எல்லோருக்கும் பொது. பெரியவர் ஒருவரும் தலையிடாமல் அந்த வழக்குகளை நாங்களே தீர்த்துக்கொண்டோம்.

கோடைக் காற்றில் உதிர்ந்த மாங்காயைப் பொறுக்கி ஊறுகாய்க்கு விற்ற காசும் உண்டு; ஆனால் பெங்களூரா மாந்தோப்புகள் பெரும்பாலும் குத்தகையில் இருந்ததால், காவலாளியின் மனநிலையைப் பொறுத்த வரும்படி அது. மாமாவோ சித்தப்பாவோ ஊருக்குப் புறப்படும்போது கையில் திணித்த ஐந்து ரூபாய்த் தாளோ, பேருந்து கண்ணுக்கு மறைவதற்குள் அம்மாவின் சுருக்குப் பைக்குப் போய்விடும். மாமா மகன் வந்தால் அவனுக்குத் திரும்பச் செய்ய வேண்டிய முறை அது என்பது பெரியவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பள்ளியில் சஞ்சாயிகா என்னும் சிறுசேமிப்புத் திட்டம் நடந்தது. மாணவர்களே கணக்கெழுத, ஓர் ஆசிரியர் மேற்பார்க்க, சேர்ந்த தொகை அஞ்சலகத்துக்குப் போகும். நோக்கம் நல்லதுதான், ஆனால் கட்டாதவர் பெயரை வகுப்பில் வாசித்ததால், பிள்ளைகளின் சேமிப்பு என்பது போய், பெற்றோர் செலுத்த வேண்டிய இன்னொரு கட்டணமாக அது எங்களில் பலருக்கு ஆகிவிட்டது.

இப்போது கிருஷ்ணகிரியில் குடியிருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் தொடங்கித் தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிவிட்டது. பிள்ளைகளுக்கென்றே அட்டைகளும் செயலிகளும் வந்துவிட்டன. நண்பர் ஒருவர் மகனுக்கு அப்படி ஏற்பாடு செய்திருக்கிறார். பையன் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பப்ஸ் வாங்கினால், அவன் அதைக் கடிப்பதற்கு முன்பே தந்தையின் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பாதுகாப்பு என்று அவர் பெருமைப்படுகிறார். எனக்கென்னவோ அந்தப் பையனிடம் காசே இல்லை என்றுதான் தோன்றுகிறது. மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, பாத்திரம் கழுவினால் இவ்வளவு என்று கொடுப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. அதற்குக் கூலி என்று பெயர் வைத்துவிடலாம்.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேரே அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. (2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு.) அந்தப் பணத்தில் என்ன வாங்கினாய் என்று அரசு அவளிடம் ரசீது கேட்பதில்லை, அவளுடைய அப்பா கேட்கிறார் என்பது வேறு விஷயம்.

மகனுக்கு நான் ஞாயிறுதோறும் 50 ரூபாயைத் தாளாகவே கொடுக்கிறேன். இடையில் தீர்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை கிடையாது, மிஞ்சினால் பிடித்தம் கிடையாது. கணக்குக் கேட்கக் கூடாது என்ற என் கட்சியில் மனைவிக்கு உடன்பாடில்லை. எழுதிப் பழகினால்தான் பொறுப்பு வரும் என்று இந்த ஆண்டு ஒரு சிறு நோட்டை வாங்கி அவனிடம் கொடுத்திருக்கிறார். அவனும் எழுதுகிறான். வாரந்தவறாமல் முதல் வரியில் ‘பேனா 20 ரூபாய்’ என்று இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வாரம் ஒரு பேனா செலவாகாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு நோட்டைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்ப்பதை அவர் நிறுத்துவதாக இல்லை.