டக்ஸ் எங்கடி இருக்கு?

2018 ஜனவரி கடைசி வாரம். பாரிஸில் செய்ன் நதி கரை தாண்டிக்கொண்டிருந்தது. அல்மா பாலத்தின் தூணில் ஸுவாவ் என்று ஒரு கல் சிப்பாய் நிற்கிறார். வெள்ளம் எவ்வளவு என்று அந்த ஊர்க்காரர்கள் அவர் உடம்பை வைத்துத்தான் சொல்வார்களாம். நாங்கள் போன அன்று தொடைவரை தண்ணீர். மதுரைக்காரிக்கு இது புதுசில்லை; நாங்களும் வைகையில் மைய மண்டபத்தைப் பார்த்துத்தானே கணக்கு சொல்வோம்.

படகுகள் எதுவும் ஓடவில்லை. இவருக்கு ஆபீஸ் வேலை. குளிரில் எங்கே ஒதுங்கலாம் என்று பார்த்தபோது பாலத்துக்குப் பக்கத்திலேயே, மார்சோ அவென்யூ 5-ஆம் எண்ணில், ஈவ் சான் லோரான் என்ற உடை வடிவமைப்பாளரின் மியூசியம் இருந்தது. திறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பிராண்டு கைப்பைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எங்கம்மா முப்பது வருஷமாக பிளவுஸ் தைக்கிறவர். தையல்காரி மகள் தையல் வீட்டைப் பார்க்காமல் வரலாமா?

வீடு என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பணக்கார மாளிகை. 1974 முதல் 2002 வரை சான் லோரானுடைய ஒத் கூத்யூர் எனும் உயர்தரத் தையலகம் இயங்கியதே இந்த இடத்தில்தான். ஒத் கூத்யூர் என்பது ரெடிமேடுக்கு நேர் எதிர். வாடிக்கையாளரின் அளவுக்கு, பெரும்பாலும் கையால், ஒரே ஓர் ஆளுக்கென்று தைத்துக் கொடுப்பது. அந்த வகையில் எங்கள் தெரு முழுக்க ஒத் கூத்யூர்தான், பில் தொகை மட்டும் வேறு.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1936-இல் அல்ஜீரியாவின் ஓரான் நகரில் பிறந்தவர். 1955-இல் பாரிஸின் பெரிய உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் டியோர் திடீரென்று இறந்துபோக, 21 வயதில் அந்தப் பெரிய நிறுவனத்தின் வடிவமைப்பு முழுவதும் இவர் தலையில் விழுந்தது. பிறகு ராணுவ அழைப்பு, மன உளைச்சல், ஆஸ்பத்திரி. அதற்குள் வேலை கைவிட்டுப் போயிருந்தது. பியர் பெர்ஷேயுடன் சேர்ந்து 1961-இல் சொந்தமாகத் தொடங்கினார். 2008-இல் காலமானார். இந்த மியூசியத்துக்காக அலைந்த பெர்ஷே, 2017 அக்டோபரில் கதவு திறப்பதற்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் செப்டம்பரில் இறந்துவிட்டார். வாசலில் கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வெளிச்சம் கம்மி. துணிக்கு வெளிச்சம் ஆகாது. முதலில் கண்ணில் பட்டவற்றில் பெண்களுக்கான கோட்-சூட்: ஸ்மோக்கிங் என்கிறார்கள். ஆண்கள் விருந்துக்குப் போடும் கறுப்பு சூட்டை 1966-இல் பெண்ணுக்கு வெட்டினார். அதன்பின் கடைசிவரை அதை விதவிதமாகத் தைத்துக்கொண்டே இருந்தாராம். அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கால் நின்றது மோந்த்ரியான் உடைக்கு முன்னால்.

படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள், நடுவே தடித்த கறுப்புக் கோடுகள். 1965-இல் ஓவியர் மோந்த்ரியானின் படங்களைப் பார்த்துச் செய்தது. அச்சடித்த துணி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிட்டப் போனால்தான் தெரிகிறது, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வெட்டி ஒட்டுப்போட்ட கம்பளி ஜெர்ஸி.

போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இங்கே காலை பதினொன்றரை, அங்கே சாயங்காலம் நாலு; அம்மா மெஷினில் உட்காரும் நேரம். ஐந்து நிமிஷத்தில் போன்.

"ஏண்டி, இதுல டக்ஸ் எங்கடி இருக்கு?"

நான் குனிந்து, சாய்ந்து, இடுப்பை வளைத்தெல்லாம் பார்த்துவிட்டேன். டக்ஸ், அதாவது உடம்போடு ஒட்ட துணியை மடித்துப் பிடிக்கும் தையல், ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. உடம்புக்கு வளைவு வேண்டிய இடத்தில் துணியைப் பிடித்துத் தைத்தால்தானே உட்காரும்? இதுவோ பலகை மாதிரி தட்டையாகத் தெரிகிறது. அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது: அந்தக் கறுப்புக் கோடுகளை ஒட்டித்தான் எல்லாத் தையலும் ஓடுகிறது. வளைவு எடுக்க வேண்டியதை அந்த ஒட்டுத் தையலிலேயே எடுத்து, கோட்டுக்குள் ஒளித்துவிட்டார்கள். பார்ப்பவருக்கு ஓவியம். தைக்கிறவருக்கு அது டக்ஸ்.

"உள்பக்கம் காட்டு" என்றார் அம்மா.

எப்படிக் காட்டுவது? அது பொம்மை மேல் நிற்கிறது. இந்த ஊர் மியூசியம்காரர்கள் மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான். எந்தத் தையல்காரியும் துணியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகப் புரட்டித்தான் பார்ப்பாள். ஒரு உடுப்பையாவது புரட்டி வைத்திருக்கக் கூடாதா?

கொஞ்சம் ஆறுதல் தந்தது காகிதங்கள். ஒவ்வொரு உடைக்கும் ஒரு தாள்: மேலே அவர் போட்ட கோட்டுப்படம், குண்டூசியில் குத்திய துணித்துண்டு, போட்டுக் காட்டிய மாடல் பெண்ணின் பெயர், தைத்த பிரிவின் தலைவர் பெயர். அப்பாடா, தைத்தவர் பக்கமும் பெயர் இருக்கிறது. மெல்லிய துணிக்கு ஒரு பிரிவு, கோட்டு தைக்க வேறு பிரிவு. நம் ஊரிலும் பிளவுஸ் அக்கா கோட்டில் கை வைக்க மாட்டார், அப்படித்தான். படம் வந்ததும் முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்து, உடம்பில் போட்டுப் பார்த்துத் திருத்தி, பிறகே நல்ல துணியை வெட்டுவார்கள். 1964-லிருந்தே உடைகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1982-க்குப் பிறகு ஷோ முடிந்ததும் எது மியூசியத்துக்கு என்று அவரே "எம்" என்ற எழுத்துப் போட்டு ஒதுக்குவாராம். இருக்கும்போதே தன் மியூசியத்துக்குச் சீட்டுப் போட்டு வைத்த ஆள்!

மாடியில் அவருடைய வேலை அறை. மியூசியத்தின் உயிர் இங்கேதான். சாதாரண மேஜை, பென்சில்கள், மூக்குக் கண்ணாடி, சுருட்டி வைத்த துணிகள், புத்தக அலமாரி, டாக்டர் போடுகிற மாதிரி வெள்ளைக் கோட்டு. ஒரு சுவர் பூராவும் கண்ணாடி. மாடல் பெண்ணை அவர் நேராகப் பார்க்காமல் கண்ணாடியில்தான் பார்ப்பாராம். எனக்கு உடனே புரிந்தது. அம்மாவும் ட்ரையல் பார்க்கும்போது ஆளைப் பீரோ கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு, தான் கண்ணாடியைத்தான் பார்ப்பார். "நேரா பாத்தா மூஞ்சிதான் தெரியும், தையல் தெரியாது" என்பார்.

கீழே புத்தகக் கடையில் வாங்காமல் நின்று படித்தது அரை மணி நேரம். ஓரானில் பையனாக இருந்தபோது சான் லோரான் தன் அம்மாவின் பத்திரிகைகளிலிருந்து பெண் உருவங்களைக் கத்தரித்து, 11 காகிதப் பொம்மைகள் செய்து, அவற்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட காகித உடைகள் வெட்டியிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் 1988-இல் வான் கோவின் ஐரிஸ் பூக்களைப் பார்த்துச் செய்த ஜாக்கெட். எம்ப்ராய்டரி போட்டது பாரிஸின் லெசாஜ் நிறுவனம்: 600 மணி நேர வேலை, 250 மீட்டர் ரிப்பன், இரண்டு லட்சம் பாசி, இரண்டரை லட்சம் ஜமிக்கி, 22 நிறங்களில். அவர்கள் பாசியை நூலில் முன்கூட்டியே கோத்து, துணியின் பின்பக்கம் பார்த்துக் கொக்கி ஊசியால் குத்துவார்கள். நம் ஆரி வேலையின் உறவுக்காரி. அந்த லெசாஜ் வீட்டுப் பிள்ளை ழான் பிரான்சுவா லெசாஜ் தொண்ணூறுகளில் சென்னைக்கு வந்து எம்ப்ராய்டரிக் கூடம் தொடங்கியவர் என்பது எனக்கு முன்பே தெரியும், ஆரி கிளாஸில் எல்லோரும் பேசுவார்கள். அந்தக் கடையில் நின்றபோது பாரிஸ் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்தால் மழை. ஸுவாவ் இன்னும் தொடையளவு தண்ணீரில்தான்.

மாசியில் ஊருக்குப் போனேன். மெஷின் பக்கத்தில் பழைய தினசரித் தாளில் கட்டம் கட்டமாக வெட்டிய துண்டுகள். எதிர்வீட்டுப் பெண்ணின் சுடிதார் டாப்ஸ், நாலு நிறம், நடுவில் கறுப்புப் பட்டி. டக்ஸ் இல்லை. இடது பக்கம் பட்டி சேரும் ஒரு மூலையில் மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, புரட்டி, உள்பக்கத்தை என் கையில் கொடுத்தார்.